தண்ணீருக்கு முன்னால் போன சைக்கிள்

மூன்றாவது நாள் என்னால் உட்கார முடியவில்லை. சைக்கிள் சீட் ஒரு கையகலம்கூட இல்லை. அதன்மேல் என் எழுபத்தெட்டு கிலோவும் மூன்று நாளாக உட்கார்ந்திருந்ததில் தொடை இடுக்கில் தோல் உரிந்து, வியர்வை பட்டபோதெல்லாம் மிளகாய்த்தூள் போட்டதுபோல எரிந்தது. வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் மரத்துப்போயிருந்தன. கும்பகோணத்துக்கு முன்னால், பாபநாசம் தாண்டி ஒரு அரசமரத்தடியில் ஒதுங்கி, தேங்காய் எண்ணெயை அள்ளித் தடவிக்கொண்டு மறுபடி ஏறினேன்.

இதற்கு யாரும் கூலி தரவில்லை. பதினாறு வயதில் பேராவூரணிப் பக்கம் தோப்புகளில் தேங்காய் உரித்தேன். நட்டுவைத்த கம்பியில் காயைக் குத்தித் திருக வேண்டும், ஒரு நாளைக்கு ஆயிரம் காய். மணிக்கட்டு வீங்கிப் பந்துபோல் ஆகிவிடும். அதற்கு முன்னால் அப்பாவோடு நாற்றங்காலில் இடுப்பு ஒடியக் குனிந்திருக்கிறேன். இப்போது தஞ்சாவூருக்கு வெளியே ஓர் அரிசி ஆலையில் லோடுமேன். வருஷத்தில் பத்து நாள், ஜூன் மாதம் பாய்லர் வேலைக்காக ஆலையை மூடுவார்கள். அந்தப் பத்து நாளும் நான் சைக்கிளில் இருப்பேன்.

"தொரைராசு காசு குடுத்து வலி வாங்குறான்" என்பார்கள் ஆலையில். வாங்குகிறேன்தான். இந்த வலியை நான் நினைத்த இடத்தில் நிறுத்தலாம். பிரேக் பிடித்தால் போதும். என் அப்பாவுக்கு அப்படி ஒரு பிரேக் இருந்ததில்லை. சைக்கிள் பயணத்தில் எனக்குக் கிடைக்கும் சுகம் இவ்வளவுதான். காற்று, வானம், மனஅமைதி என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும்.

சைக்கிள் பழையது, கியர் வைத்தது. பைகளை ஆட்டோ சீட் தைக்கிற முபாரக் லாரித் தார்ப்பாயில் தைத்துக் கொடுத்தான். ஹேண்டிலுக்கு ஒன்று, நடுச்சட்டத்துக்கு ஒன்று, சீட்டுக்குப் பின்னால் ஒன்று. உள்ளே கொசுவலை, படுக்க ஒரு தார்ப்பாய், அதைக் கட்டக் கயிறு, இரண்டு லுங்கி, பஞ்சர் சாமான், அவல், வெல்லம். இவற்றோடு மூட்டை தூக்குகிற என் இரும்புக் கொக்கி. கொக்கி எதற்கு என்று முபாரக் கேட்டான். நாய்க்கு என்றேன். உண்மையில் அது கையில் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

கொல்லிமலையின் எழுபது வளைவையும் ஏறியிருக்கிறேன். கோடியக்கரை உப்பளத்து வெள்ளையில் கண் கூசக் கூசப் போயிருக்கிறேன். ஆனால் போன வருஷம் செய்ததுதான் எனக்குப் பிடித்த பயணம். கல்லணையில் தண்ணீர் திறந்த அன்று அங்கே இருந்தேன். பூவும் நெல்லும் தூவி முடித்துக் கார்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, வறண்ட காவிரிக்குள் இறங்கிய முதல் தண்ணீரோடு நானும் கிளம்பினேன். அது கடல்வரை போகும், நானும் போவேன். அவ்வளவுதான் திட்டம்.

முதல் தண்ணீர் பார்க்க அழகாக இருக்காது. பழுப்பு நுரை, ஒற்றைச் செருப்பு, பிளாஸ்டிக் டம்ளர், காய்ந்த மூங்கில் இலை, எப்போதாவது ஒரு செத்த எலி, இவற்றைத் தள்ளிக்கொண்டுதான் வரும். மணலில் நாக்கை நீட்டும். நிற்கும். ஒரு குழியை நிரப்பிவிட்டு மறுபடி நீளும். காது கொடுத்தால் மணல் குடிக்கிற சத்தம் கேட்கும். அதற்கு முன்னால் கொக்குகள் நடந்து போகும், பொந்துகளிலிருந்து வெளியே ஓடிவரும் பூச்சிகளுக்காக. கொக்குக்கும் தண்ணீருக்கும் பக்கத்தில், கரைமேல், நான்.

தண்ணீரைவிட சைக்கிள் வேகம் அதிகம். அதனால் ஒரு மணி நேரம் போவேன், ஐந்தாறு மணி நேரம் படித்துறையில் படுத்துக்கிடப்பேன். மணலில் குச்சி நட்டு, போனில் நேரம் பார்த்து, தண்ணீர் மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் போகிறது என்று கணக்கும் வைத்திருந்தேன். ஆனிக் காற்று மேற்கிலிருந்து முதுகில் தள்ளியது. வழியில் பார்க்கிற ஆளெல்லாம் ஒரே கேள்விதான்.

"தண்ணி எங்கங்க வருது?"

"கும்பகோணம் தாண்டிருச்சுங்க. ராத்திரி இங்க வந்துரும்."

சொன்னபடி வந்தது. இரண்டு ஊரில் டீக்குக் காசு வாங்க மறுத்தார்கள். ஒருவர் தன் மச்சானுக்குப் போன் போட்டு, "தண்ணி கூடவே ஒரு ஆளு வராரு, அவர்கிட்டயே கேளு" என்று போனை என் கையில் கொடுத்தார். வாழ்க்கையில் என் வார்த்தைக்காக அதுவரை யாரும் காத்திருந்ததில்லை. ஐந்தாம் நாள் மயிலாடுதுறைக்குள் நுழைந்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. மறைக்கவில்லை.

அங்கிருந்து கிழக்கே, ஆற்றை விட்டு ஒரு கிளை வாய்க்காலைப் பிடித்தேன். பதினான்கு கிலோமீட்டர் போய்க் கடற்கரைக்குப் பக்கத்தில் முடிகிற வாய்க்கால். காலை பதினோரு மணிக்கு அதன் தலைமடையில் ஷட்டரைத் தூக்கினார்கள். கண்ணால் பார்த்தேன். கூடவே போயிருக்க வேண்டும். ஆனால் பசி. இரண்டு நாளாக அவல்தான். பின்புறம் வேறு எரிந்தது. ஒரே மூச்சில் மிதித்துக் கடைமடைக்குப் போய்விட்டேன். கல்லணையிலிருந்து கிளம்பிய பிறகு அன்றுதான் முதல்முறையாகத் தண்ணீர் வந்து சேரக் காத்திருக்காமல் போனேன்.

வாய்க்கால் முடிகிற இடத்தில் சித்தீக் பாயின் டீக்கடை. அறுபது வயது, சவுதியில் இருபது வருஷம் இருந்து திரும்பியவர்.

"சோறு இருக்கா பாய்?"

"கடைல இல்ல. வீட்டுக்கு ஆக்குனது இருக்கு. உக்காருங்க."

"நின்னுக்கிட்டே சாப்புடுறேனே."

அவர் என்னைப் பார்த்தார், சைக்கிள் சீட்டைப் பார்த்தார், சிரித்துவிட்டு உள்ளே போனார்.

மீன்குழம்பு ஊற்றி இரண்டாம் தட்டுச் சோறு சாப்பிடும்போது எதிர்க்கரையிலிருந்து ஒரு பெண் வாய்க்காலைக் கடந்து வந்தார். வறண்ட வாய்க்கால், செருப்பில்லாமல் நடந்தே கடந்தார். ஐம்பது ஐம்பத்தைந்து வயது, தலையில் துண்டு. பெயர் பூவம்மாள். சித்தீக் பாயின் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குச் செய்கிறவர். அந்த இடத்தில் போர் போட்டால் உப்புத் தண்ணீர். வாய்க்கால் வந்தால்தான் விவசாயம்.

"தண்ணி எங்க தம்பி நிக்கிது?"

"நிக்கலக்கா, வருது. பதினோரு மணிக்கு ஷட்டர் தூக்குனாங்க. பாத்துட்டுத்தான் வரேன்."

"இங்க எப்ப வரும்?"

ஆற்றில் மணிக்கு ஒன்றரை. வாய்க்காலில் ஒன்று என்றே வைத்தாலும் பதினான்கு மணி நேரம். "நாளைக்கு விடியறப்ப உங்க மடைல இருக்கும்."

"இருக்குமா, இருக்கலாமா?"

"இருக்கும்."

பூவம்மாள் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "அப்ப இன்னிக்கே விதைய ஊறப் போட்டுர்றேன்."

"பூவு, அவசரப்படாத" என்றார் சித்தீக் பாய். "தண்ணிய பாத்துட்டுப் போடு."

"போன வருஷம் பாத்துட்டுத்தான் பாய் போட்டேன். நாலு நாள் பிந்துச்சு. அறுக்கறப்ப மழை புடிச்சி கதிர்லயே முளைச்சிப் போச்சு. அத நீங்களா சாப்ட்டீங்க?"

"குத்தகை நெல்லுன்னு அதத்தானே எனக்கு அளந்த. நாந்தான் சாப்ட்டேன்."

பூவம்மாள் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். விதை இரண்டு மூட்டை, மூட்டைக்கு முப்பது கிலோ. ஒரு நாள் ஊறவைத்து, வடித்து, மூட்டையாகக் கட்டி வைக்கோல் போட்டு மூடினால் மறுநாள் முளை எட்டிப்பார்க்கும். எட்டிப்பார்த்ததும் சேற்றில் தெளித்தாக வேண்டும். நெல்லை ஊறப்போட்ட பிறகு பின்வாங்க முடியாது. இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் 'இருக்கும்' என்றேன். அந்த ஒரு சொல்லைக் கையில் கொடுத்துவிட்டுப் பூம்புகாருக்குப் போய்விட்டேன்.

கடலில் முன்சக்கரத்தை நனைத்தேன். இரண்டு இரவு மீன் ஏலக் கூடத்தில் படுத்தேன். உப்புத் தண்ணீரில் குளித்துப் புண் எரிந்து, பின் ஆறியது. நன்றாகத் தூங்கினேன்.

ஏழாம் நாள் காலை திரும்பும்போது டீக்கடை வழியாகவே வந்தேன். வாய்க்காலைப் பார்த்தேன். பூவம்மாள் நடந்த கால்தடம்கூட அழியாமல் அப்படியே இருந்தது.

"வாங்க ஜோசியரே" என்றார் சித்தீக் பாய். குரலில் சிரிப்பு இல்லை.

"தண்ணி வரலையா பாய்?"

"என்கிட்டயா கேக்குறீங்க?"

எதிர்க்கரையில் வேப்பமரத்தடியில் வைக்கோல் மேடு ஒன்று. பக்கத்தில் பூவம்மாள் குடிநீர்க் குழாயில் பிடித்து வந்த குடத்தை வைத்துக்கொண்டு, கையால் அள்ளி மூட்டைமேல் தெளித்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன். ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"கைய வுட்டுப் பாருங்க தம்பி."

வைக்கோலுக்குள் கையைவிட்டேன். காய்ச்சல்காரர் கழுத்தைத் தொட்டதுபோல் சுட்டது.

"நேத்து சாயங்காலம் வடிச்சிக் கட்டினது. நாளைக்கு விடியறதுக்குள்ள தெளிக்கணும். இல்லாட்டி உள்ளயே வெந்து அழுகிடும். வேற விதை வாங்கலாம்னா கடைல இந்த ரகம் தீந்து போச்சு. வர்றதுக்குப் பத்து நாளாம். பத்து நாள் பிந்துனா குறுவையே வேணாம், சும்மா இருந்துரலாம்." இன்னொரு கை அள்ளித் தெளித்துவிட்டு, "நீங்க இருக்கும்னீங்க" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை.

தண்ணீர் வழியில் எங்கோ நிற்கிறது என்று தெரிந்தது. பைகளைக் கழற்றி டீக்கடையில் போட்டேன். கொக்கியையும் கயிற்றையும் மட்டும் எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேற்கே மிதித்தேன். இப்போது அதே ஆனிக் காற்று நெஞ்சில். ஐந்து நாளாக என் கால் வேகம் என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் காற்றுடையது என்று அப்போதுதான் தெரிந்தது. மலையில் ஏறினால் இறக்கம் உண்டு. எதிர்காற்றில் அதுவும் கிடையாது.

ஐந்து கிலோமீட்டரில் கிடைத்தது. கிராமச் சாலைக்கு அடியில் இரண்டு குழாய் வைத்த ஒரு பாலம். அதன் மேற்கே வாய்க்கால் நிறைய ஆகாயத்தாமரை, பாய் விரித்ததுபோல. இத்தனை மாதம் தேங்கிய குட்டைகளில் வளர்ந்ததையெல்லாம் புதுத்தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்து குழாய் வாயில் அடைத்திருந்தது. தண்ணீர் இடுப்பளவு ஏறி, பக்கத்துக் கருவைக்காட்டுக்குள் தாராளமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. பாலத்தின்மேல் காக்கிக் கால்சட்டையோடு ஒருவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். கையில் அரிவாள். ஷட்டர்களைப் பார்த்துக்கொள்கிற லஸ்கர். நாகநாதன் என்றார்.

"நேத்துலேந்து வெட்டுறேன் தம்பி. ஒத்த ஆளு. மெஷினு நாளைக்குக் காலைல வருதாம்."

"நாளைக்கு வந்தா விதை செத்துரும்ணே."

"யாரு விதை?"

"கடைமடைல ஒரு அக்கா விதை. எம்பேச்சக் கேட்டு ஊறப் போட்டாங்க. நேத்தே தண்ணி வந்துரும்னு சொல்லிட்டேன்."

அவர் பீடியைக் கையில் எடுத்தார். "நீங்க எந்த ஊரு?"

"பேராவூரணி."

"பேராவூரணியா? அது கல்லணைக் கால்வாய், நம்ம புதாத்தோட கடைமடையாச்சே." தலையில் கைவைத்துச் சிரித்தார். "தலைமடைக்காரன் சொல்லிருந்தா போறான்னு விடலாம். கடைமடைல பொறந்துட்டு நீங்க தண்ணிக்கு நேரம் சொல்லலாமா?"

எங்கள் ஊரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்து, தண்ணீர் வராமலே போன வருஷங்கள் உண்டு. வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்த இடத்தில் புல் முளைக்காது. அந்த வீட்டுப் பிள்ளை, சைக்கிள் ஓட்டிக் கணக்குப் போட்டுவிட்டேன்.

சட்டையைக் கழற்றினேன். கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டி, மறுமுனையை நாகநாதன் பனைமரத்தில் கட்டினார். குழாய் திடீரென்று திறந்தால் ஆளை இழுத்துக்கொள்ளும். உள்ளே இறங்கினேன். ஆகாயத்தாமரை பார்க்கத்தான் பூ. அடியில் வேரும் சேறுமாகக் கம்பளி போலக் கோத்துக்கொண்டிருக்கும். கையால் இழுத்தால் இலை மட்டும் வரும். கொக்கியை வேரில் மாட்டி, காலைப் பாலச் சுவரில் ஊன்றி, ஆலையில் அடுக்கிய மூட்டை அட்டியலிலிருந்து ஒன்றை உருவுவதுபோல உருவினேன். வந்தது. நாகநாதன் வெட்டினார், நான் உருவினேன், இருவரும் கரையில் தள்ளினோம். ஒவ்வொரு பொதியும் ஈர நெல் மூட்டை கனம். இது எனக்குத் தெரிந்த வேலை. சைக்கிளில் மரத்துப்போன விரல்களுக்கு அரைமணி நேரத்தில் உயிர் வந்துவிட்டது.

"நீங்க சைக்கிள் ஓட்டுற ஆளு மாதிரி இல்லையே" என்றார் நாகநாதன்.

"லோடுமேன்ணே."

"அதான பாத்தேன்."

ஏழரைக்கு இறங்கினேன். பதினொன்றரைக்கு இடதுபக்கக் குழாய் கப்பென்று ஒரு சத்தம் போட்டது. இடுப்புக் கயிறு விறைத்தது. காலுக்கடியில் தண்ணீர் உருவிக்கொண்டு ஓடியது. நாகநாதன் கயிற்றைப் பிடித்து இழுக்க, நான் நான்கு காலில் கரையேறினேன். அடுத்த பக்கம் போய்ப் பார்த்தோம். காய்ந்த வாய்க்காலில் பழுப்பு நுரை, ஒரு டம்ளர், தாமரை இலைகள், கொக்கு. என் பழைய கூட்டாளிகள் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

இந்தமுறை முன்னால் போகவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தண்ணீரின் பக்கத்திலேயே நடந்தேன். சித்தீக் பாய் நான்குமுறை போன் செய்தார்.

"எங்க வருது? எப்ப வரும்?"

"எங்க இருக்குன்னு சொல்றேன் பாய். எப்ப வரும்னு மட்டும் கேக்காதீங்க."

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூவம்மாளின் மடைக்கு வந்தது. அவர் மண்வெட்டியோடு தயாராக நின்றிருந்தார். ஒரே வெட்டு. நாற்றங்காலுக்குள் தண்ணீர் இறங்கியது. வெடிப்புகள் குமிழிவிட்டுக் குடித்தன. குனிந்து ஒரு கை அள்ளி, குடிக்கவில்லை, கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை, உப்பா என்று நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"மூட்டையப் பிரிங்க தம்பி."

மேல் மூட்டை நன்றாக இருந்தது. ஒவ்வொரு நெல்லிலும் குண்டூசி முனைபோல வெள்ளை முளை. அடி மூட்டையைப் பிரித்ததும் புளித்த கள் வாடை. வேரும் முளையும் பின்னிப் பாளமாகிக் கிடந்தன. உள்ளே பழுப்பு. பூவம்மாள் ஒரு பிடி எடுத்துப் பிசைந்து முகர்ந்தார். "இது கோழிக்கு" என்று ஒதுக்கிவைத்தார்.

நான் சட்டைப்பையில் கைவிட்டேன்.

"அத உள்ள வைங்க. காசு குடுத்தா நெல்லு முளைச்சிருமா?" முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "ஒரு மூட்ட நாத்து முக்கா ஏக்கருக்குத்தான் வரும். மீதிக்கு மேலத்தெருக்காரங்க நாத்தங்கால்ல மிச்சம் இருக்கும், கேட்டா குடுப்பாங்க. பறிச்சிக் கட்டத்தான் ஆளு கெடையாது. இருக்கறவனெல்லாம் கட்டட வேலைக்குப் போயிட்டான். நாத்து பறிக்கத் தெரியுமா?"

"தெரியும்க்கா. சின்ன வயசுல எங்கப்பாவோட பறிச்சிருக்கேன்."

"அப்ப ஒரு நாள் வந்து பறிச்சிக் குடுங்க. இருபத்தஞ்சு நாள் கழிச்சி போன் பண்றேன். வருவீங்களா?"

"வருவேன்."

சித்தீக் பாய் அக்கரையிலிருந்து கத்தினார். "வருவீங்களா, வரலாமா?"

"வருவேன் பாய்!"

அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, பைகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். எதிர்காற்றில் தஞ்சாவூர் போய்ச்சேர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் நான் மிதித்த மிதி எனக்கே பெருமையாக இருந்தது.

சொன்னபடி இருபத்தைந்தாம் நாள் பூவம்மாள் போன் செய்தார். ஆலையில் இரண்டு லாரி ஏற்றுவதற்கு நின்றன. லீவு கிடைக்கவில்லை என்றேன். லீவை நான் கேட்கவே இல்லை. நாற்றுப்பறி என்றால் காலை ஆறிலிருந்து கணுக்கால் சேற்றில், தலை முட்டியைத் தொடக் குனிந்த முதுகு. எந்த இடத்திலும் பிரேக் கிடையாது. அதிலிருந்து தப்பித்துத்தான் நான் மூட்டை தூக்க வந்தேன். "சரி தம்பி, நான் பாத்துக்குறேன்" என்று வைத்துவிட்டார். தனியாகவே நான்கு நாள் பறித்து நட்டார் என்று பிறகு சித்தீக் பாய் சொன்னார். அறுத்த நெல் மழைக்கு முன் கரையேறியதாம். விளைச்சல் பரவாயில்லையாம்.

அடுத்த மாதமே மூன்று நாள் லீவு கேட்டேன். உடனே கிடைத்தது. ஜவ்வாது மலைக்குச் சைக்கிளில் போனேன். நல்ல பயணம், அதைப்பற்றித் தனியாக எழுதலாம். முபாரக் தைத்த பை ஒரு தையல்கூட விடவில்லை. கால் முன்பைவிட உரமாக இருக்கிறது. எந்த மேட்டைக் கண்டும் எனக்கு இப்போது பயமில்லை.

இந்த ஜூனிலும் ஆலையை மூடுவார்கள். காவிரியில் தண்ணீர் வரும். எங்கே போவதென்று கேட்கிறார்கள். பூவம்மாளுக்கு ஒரு நாள் நாற்றுப்பறி பாக்கி. இன்னும் கொடுக்கவில்லை.